கல்லும் வண்ணமும் கூலியும்: கிரேக்கக் கோயில்களின் கலைவழி மீளமைப்புப் பற்றி நாலந்தாவிலிருந்து ஒரு நோக்கு

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் நாலந்தா என்னும் ஊர் உண்டு. பெருந்தெருவிலிருந்து கிழக்கே பிரியும் பாதையில் சிறிது தூரம் சென்றால், நீர்த்தேக்கத்தின் கரையில் உயர்த்தப்பட்ட மேட்டின்மீது ஒரு சிறு கற்கோயில் நிற்பதைக் காணலாம். நாலந்தா கெடிகே என வழங்கும் இக்கட்டிடம் எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் கொள்வர். அதிட்டானம், கபோதம், கூடு, பூதகணவரி ஆகிய உறுப்புகளால் இது பல்லவர் கட்டிட மரபைச் சார்ந்தது. ஆயின் பௌத்தர்களின் படிமமனையாகவே பயன்பட்டது. இன்று அது நிற்கும் இடம் அது கட்டப்பட்ட இடமன்று. மகாவலித் திட்டத்தின் ஓர் உறுப்பாகப் போவதென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது கோயில் நின்ற தாழ்நிலம் நீருள் அமிழவிருந்தது. ஆகவே 1970களின் நடுப்பகுதியிலிருந்து 1980 வரையான ஆண்டுகளில் அது கல் கல்லாகக் கழற்றப்பட்டு, இம்மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது.

இங்கு வருவோர் பெரும்பாலும் இருவகையினர். கூடுகளையும் விமானத்தையும் கண்டு, இது தமிழர் கட்டியதென்று மகிழ்வோர் ஒரு சாரார். உள்ளே இந்துத் தெய்வப் படிமம் ஏதுமின்மையைக் காட்டி, இது சிங்களப் பௌத்தருடையதே என்போர் மறுசாரார். இருவரும் கல்லைக் கண்டவுடன் இனத்தைத் தேடுகின்றனர். கல்லை அறுத்தவனைத் தேடுவதில்லை. மானவர்மன் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் படைத்துணை பெற்று அனுராதபுரத்து அரியணையைக் கைப்பற்றினான் எனச் சூளவம்சம் கூறுகிறது. அரண்மனைகளுக்கிடையே படைகள் கைமாறிய காலத்தில் கல்தச்சர் கைமாறியதில் வியப்பில்லை. அத்தச்சர் எம்மொழி பேசினர் என்பதைக் காட்டிலும், எவருடைய விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டு அவர்களுக்கு உணவு அளக்கப்பட்டது என்பதே வரலாற்றுக்குரிய வினாவாகும்.

இக்கட்டுரையின் பொருள் நாலந்தா மட்டுமன்று. சிதைந்த கோயிலொன்றைக் கலைஞனோ கட்டிடக்கலைஞனோ மீண்டும் முழுமையாக்கிக் காட்டும்போது எதனை மீட்கிறான், எதனை மறைக்கிறான் என்பதே இங்கு ஆராயப்படுவது. அதற்குக் கிரேக்கக் கோயில்களை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் கிரேக்கக் கோயில் அளவுக்கு வேறெந்தக் கட்டிட வகையும் தாளிலும் திரையிலும் சாந்திலும் கொங்கிறீற்றிலும் மீளமைக்கப்பட்டதில்லை. அன்றியும், தமிழியல் ஆய்வுக்கும் கிரேக்கவியலுக்கும் நம் நாட்டில் நெருங்கிய உறவுண்டு. பேராசிரியர் கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்ததும், பேராசிரியர் சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தை ஆராய்ந்ததும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், மார்க்சியக் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடத்திலாகும். கிரேக்கத்தை நாம் நாடகம் வழியாகவும் காவியம் வழியாகவும் கற்றோம். அதன் கோயில்களையோ பாடநூற் படங்களின் வழியாக மட்டுமே அறிந்தோம். அப்படங்களில் அவை எப்போதும் வெண்மையாகவே இருந்தன.

இவ்வெண்மைக்கு ஒரு வரலாறு உண்டு. பண்டைக் கிரேக்கக் கலையின் வரலாற்றை 1764இல் எழுதிய விங்கெல்மன் கிரேக்க நாட்டில் கால் வைத்தவரல்லர். உரோம நகரச் சேகரங்களிலிருந்த பளிங்குச் சிலைகளைக் கொண்டே, அவற்றுட் பல உரோமர் காலப் படிகளாயிருக்க, கிரேக்க அழகின் இலக்கணத்தை வகுத்தார். வெண்மை உருவத்தின் தூய்மையாக, அறிவின் அமைதியாகப் போற்றப்பட்டது. பளிங்கில் வண்ணத்தின் தடயங்கள் எஞ்சியிருந்ததை ஏதென்சுக்குச் சென்று அளந்து வரைந்தோர் கண்டனர். ஆயினும் கண்டது கருத்தை மாற்றவில்லை. கிரேக்கக் கோயில் நீலமும் செம்மையும் பொன்னும் பூசப்பட்டு நின்றது என்னும் உண்மையைச் சான்றுகளுடன் வற்புறுத்தியவர் கொலோன் நகரிற் பிறந்து பாரிசில் தொழில்புரிந்த ஹித்தோர்வ். சிசிலியிலுள்ள செலினுந்தே நகரின் சிறு கோயிலொன்றை முழு வண்ணத்தில் மீளமைத்து அவர் 1851இல் வெளியிட்ட பெருநூல் அறிஞரிடையே நீண்ட பூசலின் உச்சமாயிற்று. 1854இல் இலண்டனின் சிடன்ஹாமில் பளிங்கு மாளிகை மீண்டும் திறக்கப்பட்டபோது, அதன் கிரேக்க மண்டபத்தை ஓவன் ஜோன்ஸ் வண்ணம் தீட்டி அமைத்தார். எதிர்ப்புக் கிளம்பவே, தம் செயலுக்குச் சமாதானம் கூறி ஒரு சிறு நூலே எழுத நேர்ந்தது.

ஒரு சுவருக்கு நீலம் பூசியதற்காக ஒருவர் ஏன் சமாதானம் கூறவேண்டும்? ஐரோப்பிய முதலாளி வர்க்கம் தன் முன்னோராகத் தெரிந்தெடுத்துக்கொண்ட கிரேக்கர், சந்தையின் இரைச்சலும் சாயமும் படியாதோராக இருத்தல் வேண்டியிருந்தது. கீழைநாட்டுக் கோயில்களின் வண்ணத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிய அதே காலம், தன் மூதாதையரின் கோயிலும் அவ்வாறே வண்ணம் தீட்டப்பட்டிருந்தது என்பதை எங்ஙனம் ஏற்கும்? மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் உல்லாசப் பயணி, பார்த்தெனனை அதன் பிறந்தநாளில் கண்டிருந்தால் அங்கும் முகஞ்சுளித்திருப்பான்.

வெண்மை மீதான இப்பற்று வெறும் கருத்தளவில் நிற்கவில்லை. 1937, 1938ஆம் ஆண்டுகளில் பிரித்தானிய நூதனசாலையில், புதிய காட்சிக்கூடத்துக்குப் பணம் வழங்கிய டுவீன் பிரபுவின் விருப்பத்துக்கிணங்கப் பார்த்தெனன் சிற்பங்கள் செப்புக் கருவிகளாற் சுரண்டப்பட்டன. படத்தில் இருந்த வெண்மையைக் கல்லுக்கு ஏற்றும் முயற்சி அது.

மீளமைப்பு என்பது பல சமயங்களில் அழிப்பின் மறுபெயராதலையும் ஏதென்ஸ் காட்டுகிறது. பார்த்தெனன் ஆயிரம் ஆண்டுக் காலம் கிறித்தவத் தேவாலயமாகவும் பின்னர் பள்ளிவாசலாகவும் மக்கள் வழிபட்ட இடம். 1687இல் வெனிசியரின் குண்டு அதனைப் பிளந்தது. பவேரிய இளவரசன் ஒத்தோ கிரேக்கத்தின் அரசனாக்கப்பட்டபின், பவேரிய அரசவையின் கட்டிடக்கலைஞர் கிளென்ட்சே 1834இல் அங்கு சென்று, குன்றின்மேலுள்ள பிற்காலக் கட்டிடங்களை அகற்றிப் பண்டைக் கோயில்களை மட்டும் மீட்கும் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். இடிபாட்டினுள் எழுப்பப்பட்டிருந்த சிறு பள்ளிவாசலும் காலப்போக்கில் அகற்றப்பட்டது. 1875இல் இடைக்காலக் கோபுரமும் தகர்க்கப்பட்டது. அதே கிளென்ட்சே 1846இல் அக்குரோபொலிசின் இலட்சியக் காட்சியைப் பெரும் ஓவியமாகத் தீட்டினார். ஓவியத்தில் முழுமையான பழமை. நிலத்தில் பழமையல்லாதவற்றின் நீக்கம். இரண்டும் ஒரு கையின் வேலை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஜேர்மனியின் டான்யூப் ஆற்றங்கரையில் பார்த்தெனனைப் போன்று வல்ஹல்லா என்னும் ஜேர்மானிய வீரர் நினைவாலயத்தைக் கட்டி 1842இல் முடித்தவரும் அவரே. ஆக, ஏதென்சின் கோயில் ஏதென்சுக்கு மீட்டளிக்கப்படுமுன்னரே ஜேர்மானிய தேசியத்தின் சொத்தாகிவிட்டது.

வண்ணத்தை ஏற்றுக்கொண்ட மீளமைப்புகள் முழு உண்மையைக் கூறினவா? இங்கு அல்மா-தடேமா 1868இல் தீட்டிய ஓவியம் நுணுகி நோக்கத்தக்கது. பார்த்தெனனின் சிற்பவரியைப் பிடியாஸ் தம் நண்பர்களுக்குக் காட்டும் காட்சி அது. (தொம்சன் கற்பித்த, கைலாசபதி ஆய்வு செய்த அதே பர்மிங்ஹாம் நகரின் நூதனசாலைக்குரியது இவ்வோவியம்.) குதிரைவீரர் நீலப் பின்னணியில் பழுப்பு மேனியராய்ச் செல்கின்றனர். வண்ணவாதத்தின் முடிவை அல்மா-தடேமா துணிவுடன் ஏற்றுக்கொண்டுள்ளார். ஆனால் நாம் நிற்கும் தளத்தைப் பார்ப்போம். பெரிக்கிளிசும் அவர்தம் சுற்றமும் நிற்பது கூரைக்கடியிற் கட்டப்பட்ட மரச்சாரத்தின் பலகைமீது. பலகை இடுக்கின் வழியே கீழிருந்து வெளிச்சம் தெரிகிறது. உயரத்தின் அச்சம் நமக்குள் பாய்கிறது. சாரம் கட்டிய தச்சன் எங்கே? கல்லைச் செதுக்கியவர், வண்ணம் குழைத்தவர் எங்கே? பிடியாஸ் ஒருவரே கையில் சுருளுடன் கயிற்றுக்கு அப்பால் நிற்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் கலைக்கூடமொன்றின் தனிக்காட்சித் திறப்புவிழாவே இங்கு ஏதென்சாக வேடமிட்டு வந்துள்ளது. வண்ணம் திரும்பிவிட்டது, உழைப்பு திரும்பவில்லை.

இவ்விடுபாட்டுக்குச் சான்றின்மை காரணமன்று. அதே குன்றின்மேலுள்ள எரெக்தெயன் கோயிலின் கட்டிடக் கணக்கு கல்லிற் பொறிக்கப்பட்டுக் கிடைத்துள்ளது. கி.மு. 409ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குரிய அக்கணக்கில் சமூகநிலை தெரியவரும் 86 தொழிலாளருள் 24 பேர் ஏதென்சின் குடியுரிமையுடையோர். 42 பேர் அவ்வுரிமையற்ற குடியேறிகள். 20 பேர் அடிமைகள். நாட்கூலி பெற்றோருக்குத் தலைக்கு ஒரு திராக்மா, அதில் பேதமில்லை. (அடிமையின் திராக்மா அவன் கையில் தங்கியிருக்க நியாயமில்லை.) தூண்களுக்கு வரிக்குழி வெட்டிய குழுக்களில் உடையவனும் அவனுடைய அடிமைகளும் ஒரே தூணைச் சுற்றி நின்று உளி பிடித்தனர். அதே கணக்கில், உத்தரத்தின் விளிம்புக்கு மெழுகுவண்ணம் தீட்டியவனுக்கு அடிக்கு ஐந்து ஒபோல் கூலி என்ற பதிவும் உண்டு. வண்ணத்துக்குரிய சான்றும் கூலிக்குரிய சான்றும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. அறிஞர் முன்னதை எடுத்துப் பூசலிட்டனர்; பின்னதை ஓவியர் எவரும் கையாளவில்லை. மலையகத்தாரின் சொல்லில் கூறுவதாயின் அது ஏதென்சின் செக்றோல். செக்றோலைப் படித்தவர்கள் அதிற் சாயத்தின் விலையை மட்டும் பார்த்தார்கள்.

பார்த்தெனனுக்கான செல்வத்தின் ஒரு பகுதி, நேச நகரங்கள் பாரசீகத்துக்கு எதிரான போருக்கென வழங்கிய திறையிலிருந்து வந்தது, பொதுக்கருவூலம் கி.மு. 454இல் ஏதென்சுக்குக் கொண்டுவரப்பட்டதும், ஏழாண்டுகளின் பின் கட்டிடவேலை தொடங்கியதும் தற்செயலன்று. லவ்ரியன் சுரங்கங்களில் வெள்ளி அகழ்ந்தோர் அடிமைகள். மார்க்ஸ் 1857இல் எழுதிய முன்னுரைக் குறிப்பில் எழுப்பிய வினா புகழ்பெற்றது: வளர்ச்சி குன்றிய சமுதாய அமைப்பில் எழுந்த கிரேக்கக் கலை இன்றும் நமக்கு இன்பந் தருவது எங்ஙனம்? மனிதகுலத்தின் குழந்தைப் பருவத்தை மீண்டும் காணும் இன்பம் என அவர் விடை தேடினார். மார்க்சியர் பலர் இவ்விடையைத் திருப்பித் திருப்பி ஒப்பிப்பர். என் கருத்தில் வினா ஆழமானது; விடை போதாதது. இலண்டனில் கிரேக்க மண்டபத்தின் வண்ணம் பற்றிய கூச்சல் எழுந்து மூன்றாண்டுகளே சென்றிருந்த காலம் அது. குழந்தைமை என்ற உருவகம் அந்த வெண்பளிங்குக் கிரேக்கத்துக்கே பொருந்தும்; திறைக்கணக்கும் கூலிக்கணக்கும் எழுதிய நகரத்தைக் குழந்தையென்று எவர் கூறுவார்?

தமிழ்நாட்டுக்கு இக்கோயில் வந்த வழியும் நோக்கத்தக்கது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த வெற்றியைக் கொண்டாடும் வகையில், சென்னையில் ஆளுநர் கிளைவின் ஆணைப்படி விருந்து மண்டபமொன்று எழுப்பப்பட்டு 1802இல் திறக்கப்பட்டது. வானியலாளரும் பொறியியலாளருமாகிய கோல்டிங்ஹாம் அதனைக் கிரேக்கக் கோயில் வடிவில் வகுத்தார். பளிங்கு இல்லாத ஊரில் பளிங்குக்கு ஈடாகியது சிப்பிச் சுண்ணத்தில் அரைத்த சாந்து. நம் கொத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட அவ்வித்தையைக் கொண்டு மெருகேற்றப்பட்ட சுவர் பளிங்குபோல் மின்னியது. ஏதென்சில் இல்லாத வெண்மை சென்னையில் தமிழ்க் கொத்தனின் கையால் உண்டானது! பின்னர் இராஜாஜி மண்டபமெனப் பெயர் மாறிய அக்கட்டிடத்தின் படிகளிலேயே 1969இல் அண்ணாவின் உடலும், 1987இல் எம்.ஜி.ஆரின் உடலும், 2016இல் ஜெயலலிதாவின் உடலும், 2018இல் கருணாநிதியின் உடலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. வெற்றிக்குக் கட்டிய மண்டபம் ஒப்பாரிக்கு உரியதாயிற்று. 1850இல் திறக்கப்பட்ட பச்சையப்பன் மண்டபமோ ஏதென்சின் தெசேயுஸ் கோயிலை மாதிரியாகக் கொண்டது. குடியேற்ற ஆட்சியின் வடிவத்தை அவ்வாட்சியின் கீழ் வளர்ந்த வணிக வர்க்கம் கல்விக்குரிய வடிவமாக ஏற்றுக்கொண்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழர் தம் பழமையைத் தாமே மீளமைத்த முயற்சிகளுள் முதன்மையானது பூம்புகாரில் 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம். கணபதி ஸ்தபதியின் வழிகாட்டலில் அமைந்த அவ்வெழுநிலை மாடத்தின் சிற்பத் தொழில்திறன் மறுக்கமுடியாதது. ஆயினும் ஒன்றைக் கூறவேண்டும். கீழையூரில் அகழ்ந்தபோது கிடைத்தது செங்கல்லாலான படகுத்துறை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையோ மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்போரையும் உப்பு விற்போரையும் கள் விற்போரையும் கன்னாரையும் தச்சரையும் குயவரையும் வரிசையாக நிறுத்துகிறது. இளங்கோ காட்டிய நகரத்தில் தொழிலாளர் உண்டு. அகழ்வு காட்டிய நகரத்தில் அவர்கள் அடுக்கிய செங்கல் உண்டு. கலைக்கூடத்தின் சுவரிலோ கண்ணகி கதையே தொடர்கிறது. கிளென்ட்சேயின் இலட்சியக் காட்சிக்கும் இதற்கும் நோக்கில் பெரும் வேறுபாடில்லை என்று கூறினால் நண்பர்கள் சினங்கொள்ளக்கூடும். ஒடுக்கப்பட்ட மொழியினரின் பெருமிதத்தையும் பவேரிய அரசவையின் பெருமிதத்தையும் ஒரு தட்டில் வைத்தல் தகுமா என்பர். தகாது, ஆனால் மறைக்கப்படுவோர் இரண்டிலும் ஒரே வகையினர்.

மீளமைப்பே கூடாதென்பது என் வாதமன்று. இலக்கிய மாணவர்க்கு இவ்விடத்தில் கைகொடுக்கும் முன்மாதிரி ஒன்றுண்டு. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவர் அவற்றை இயற்றி நிரப்பவில்லை. எண்ணை நிறுத்தி இடத்தை வெறுமையாக விட்டார். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இன்றியே அந்நூல் வெளிவந்தது. சிதைந்த அடிகள் புள்ளிகளாக நின்றன. இல்லாததை இல்லாததாகக் காட்டும் இந்நேர்மை ஓவியத்துக்கும் கட்டிடத்துக்கும் இயலாததன்று. பார்த்தெனனில் பலனோஸ் முன்னர் செருகிய இரும்புப் பிணைப்புகள் துருவேறிப் பளிங்கைப் பிளந்தமையால், 1975இல் அமைந்த குழு அவற்றை அகற்றி தைத்தேனியத்தைப் பயன்படுத்தியது. புதிதாகச் சேர்த்த பளிங்கு பழையதினின்று வேறுபட்டுத் தெரியும்படியே விடப்பட்டது. சீகிரியாவில் சிங்கத்தின் பாதங்கள் மட்டுமே எஞ்சியிருப்பதும் ஒருவகையில் நற்பேறே. தலையையும் பிடரியையும் படத்தில் வரைந்து முழுமையாக்கியோர் பலர். பாறையில் அதனைச் செய்ய எவரும் துணியவில்லை.

இவ்வளவுகோலால் அளந்தால் நாலந்தா கெடிகே எவ்வாறு நிற்கிறது? விழுந்து கிடந்த கற்களையே எடுத்து அடுக்கியமையால் அது பொய்யான முழுமை எதனையும் காட்டவில்லை. சிதைந்த கூடு சிதைந்தபடியே உள்ளது. தேய்ந்த பூதகணங்கள் தேய்ந்தபடியே உள்ளன. இவ்வகையில் கிரேக்கக் கோயில்களின் ஓவியர் பலரைவிட இங்கு பணியாற்றியோர் நேர்மையானவர். ஆனால் மேடும் நீர்ப்பரப்பும் புல்வெளியும் சேர்ந்து அதனை ஒரு காட்சிப்பொருளாக்கிவிட்டன. தாழ்நிலத்தில் நின்றபோது அதற்கும் சுற்றியிருந்த நிலத்துக்கும் இருந்த உறவு அறுந்தது. நீர்த்தேக்கம் வடக்கே வயல்களுக்கு நீர் கொடுத்தது, மின்சாரம் தந்தது; அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கல்லுக்கு எண்ணிட்டு மாற்றிடம் கொடுத்த திட்டத்தின் வரலாற்றை எழுதுவோர், அதே நீர் எவருடைய நிலத்தின்மேல் ஏறியது என்பதையும் எழுதவேண்டும் என்பதே.

இன்னொரு தொடர்பும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் காடுவழியே தம்புள்ளைக்கும் அங்கிருந்து நாலந்தா வழியாக மாத்தளைக்கும் நடந்தனர். வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் இறந்தோர் பல்லாயிரவர். பிழைத்து வந்து சேர்ந்தோரின் வழிபாட்டோடு வளர்ந்ததே மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். 1983 யூலை வன்செயலில் அதுவும் தீக்கு இரையானது. பின்னர் மக்கள் அதனைப் புதுப்பித்து வண்ணம் தீட்டி நிறுத்தினர். தொல்பொருள் வரைபடமோ ஓவியரின் இலட்சியக் காட்சியோ இன்றி, வழிபடுவோரின் தேவையால் நிகழ்ந்த மீளமைப்பு அது. கலைவரலாற்று நூல்கள் நாலந்தாவுக்குப் பக்கங்கள் ஒதுக்கும். இதற்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை. பழமை போதாது என்பது காரணமாகக் கூறப்படும். எரெக்தெயனின் வண்ணக்காரன் அடிக்கு ஐந்து ஒபோல் பெற்று விளிம்பு தீட்டிய நாளில் அதுவும் புதுக்கட்டிடமே.

கெடிகேயின் கற்களைக் கழற்றி, எண்ணிட்டு, சுமந்து, மீண்டும் அடுக்கியோர் நம் காலத்தவர். அவர்களுட் சிலர் இன்றும் மாத்தளை மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். கட்டிடத்தின் அளவுகளும் சிற்பங்களின் விவரணமும் அச்சேறியுள்ளன. அந்நாட்கூலிகளின் வாய்மொழியைப் பதிவுசெய்யும் பணியை நம் சங்கத்தின் மாணவர்கள் அடுத்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.